முகம் யாருடைய உடைமை?

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-06 இல். அதன்பின், எங்கோ நெய்த போலிச் சேலைக்குக் காஞ்சிப் பட்டெனப் பெயர் சூட்டி விற்பது குற்றம். நன்று! நெசவாளியின் உழைப்பைத் திருடுவோன் தண்டிக்கப்பட வேண்டியவனே. ஆனால், காஞ்சிக் கடைத்தெருவுக்கு வந்த மாகறல் தங்கையொருத்தி சேலையைப் புரட்டிப் பார்த்து, "சாயம் நிற்காது போலிருக்கிறதே!" என்றால், அவள் வாயை அடைக்க அச்சட்டத்துக்கு அதிகாரம் உண்டோ? இல்லை. போலி வேறு; குறைகூறல் வேறு.

புகழ்பெற்றோர் முகத்தைப் பற்றிய வழக்குகளில் இந்த எளிய வேறுபாடு மங்கி வரக் காண்கிறோம், தோழர்களே!

நடிகர் ரஜினிகாந்தின் பெயரையும் சாயலையும் பேச்சுப் பாணியையும் அவர் இசைவின்றிக் கையாண்டதாக எழுந்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் 2015 இல் ஓர் இந்திப் படத்துக்குத் தடை விதித்தது. பெயர் மாற்றிய பிறகே அது வெளிவந்தது. இன்னாரென மக்கள் அடையாளம் காண முடிந்தால் போதும், பொய்யையோ மயக்கத்தையோ மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்றது தீர்ப்பு. நடிகர் முகத்தைக் கேளாமலே பல்பொடிப் பொட்டலத்தில் அச்சிடும் வணிகனுக்கு இது சாலவும் பொருந்தும். கேலிச் சித்திரக்காரனுக்கு? மூக்கை நீட்டியும் முடியைச் சிலுப்பியும் இன்னாரெனக் காட்டுவதன்றோ அவன் தொழில்! அடையாளமே குற்றமென்றால் தூரிகையை ஒடித்துப் போடச் சொல்லிவிடலாம்.

தமிழ்நாட்டில் இது நடிகரின் வருவாய்க் கணக்கோடு முடிவதுமில்லை. திரையில் கண்ட முகத்தை 1977 இல் கோட்டையில் கண்டோம். 1991 இல் மீண்டும் கண்டோம். "என் உருவம் என் உடைமை" என்னும் உரிமை, "என் ஆட்சியை எள்ளாதே" என்னும் ஆணையாக மாற எத்தனை நாளாகும்? 1987 இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த நகைச்சுவை, சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் பெயர் சுட்டாமலே நையாண்டி செய்தது. மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு எழவே சில நாள்களில் விடுவித்தனர். பெயர் சுட்டாததற்கே இது!

சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் இன்றைய இயந்திரக் காணொளி எங்ஙனம் எனக் கேட்பர். அது கேலியன்று, போலிப் பட்டு! கேலி, தன்னைக் கேலியென்று மறைப்பதில்லை.

தூக்குக் கைதி ஆட்டோ சங்கரின் வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடாதபடி அதிகாரிகள் தடுக்க முனைந்த வழக்கில், உச்சநீதிமன்றம் 1994 இலேயே கோடு கிழித்தது: ஒருவரது இல்லறமும் குடும்பமும் அவருக்குரியவை, அலுவலரின் பொதுப்பணி மக்களின் ஆய்வுக்குரியது, அச்சாகுமுன் தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை. அக்கோட்டின் இப்புறமே நிற்கிறோம்.

மறைந்த முதல்வர் ஜெயலலிதாவின் வாழ்வைப் படமாக்கியதை எதிர்த்து அவர் அண்ணன் மகள் வழக்குத் தொடுத்தார். புகழும் தனியுரிமையும் வாரிசுக்கு இறங்கும் சொத்தல்ல என்று 2021 இல் உயர்நீதிமன்றம் மறுத்தது. 'தலைவி' அவ்வாண்டு செப்டம்பரில் திரைக்கு வந்தது.