மதிலுக்கு அப்பால் ஒரு சிற்றாலயம்

தன் எல்லையைக் காத்துக்கொள்ள ஒரு நாட்டுக்கு உரிமை உண்டா? உண்டு என்பதே திருச்சபையின் போதனை. குடிவருவோரை எந்த நிபந்தனைகளோடு ஏற்பதென்று தீர்மானிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றும், வந்தவர்கள் அந்நாட்டுச் சட்டங்களுக்கு அமைந்து நடக்கவேண்டும் என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகின்றது. ஆனால் அதே பந்தியில் அதற்கு முன்னரே, செல்வம் படைத்த நாடுகள் தம்மால் இயன்றமட்டும் அந்நியரை வரவேற்கக் கடமைப்பட்டவை என்றும் எழுதியிருக்கிறது. ஒன்றை வாசித்து மற்றதைத் தாண்டிப் போகிறவர்கள் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

அப்படியானால், 2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆந் திகதி காலை, அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத் தென்கோடியிலுள்ள மிஷன் நகரத்தில் நூற்றுக்கணக்கானோர் அரசாங்கத்தின் எல்லை மதிலை எதிர்த்து ஊர்வலம் போனது சரியா? குவாடலூப்பே அன்னை கோவிலில் தொடங்கி, மூன்று நான்கு மைல் தூரம் வெயிலில் நடந்து, ஆற்றோரத்துச் சிற்றாலயம் ஒன்றை அடைந்தார்கள். அந்த எல்லையை வகுத்த 1848ஆம் ஆண்டு உடன்படிக்கை மெக்சிக்கோவில் கைச்சாத்தானதும் குவாடலூப்பே என்னும் ஊரிலேதான், அன்னையின் திருத்தலம் இருக்கும் இடத்திலேதான்.

லா லொமித்தா என்னும் அச்சிற்றாலயம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. புனித யூஜின் டி மசனெட் ஆண்டகை 1847இல் இலங்கைக்குக் குருக்களை அனுப்பினார். அவர்களே யாழ்ப்பாணத்தில் நமது முன்னோர் மத்தியில் உழைத்தவர்கள். அதே அமலமரித் தியாகிகள் சபையார் 1849இல் ரெக்சாசுக்கும் போனார்கள். அங்கே குதிரையேறி ஆற்றங்கரைப் பண்ணைகளைச் சந்தித்துத் திரிந்த அக்குருக்கள், வழியில் தங்கிச் செல்ல 1865இல் எழுப்பியதே இந்த ஆலயம். 1899இல் திரும்பக் கட்டப்பட்டது. ஊருக்கு மிஷன் என்ற பெயர் வந்ததும் இதனாலேதான்.

மதில் இதை இடிக்கப்போவதில்லை. விஷயம் அதைவிட நுணுக்கமானது. றியோ கிறாண்டே ஆறே எல்லை. ஆறு பெருகிப் பாயும் நிலத்தில் மதில் கட்டுவது கடினம். ஆதலால் ஆற்றுக்கு வடக்கே, அமெரிக்க மண்ணுக்குள்ளே, வெள்ளத்தடுப்பு அணையோடு சேர்த்து மதில் எழுப்பத் திட்டமிட்டார்கள். சிற்றாலயமோ அணைக்கும் ஆற்றுக்கும் இடையில் இருக்கிறது. சொந்த நாட்டிலே இருந்துகொண்டே மதிலுக்கு வெளியே போய்விடும்.

மதிலில் ஒரு வாசல் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமது வளவுகளுக்கும் வேலி உண்டு, படலை உண்டு. அயலவர் வந்துபோக வேலியில் பொட்டும் விட்டு வைத்தோம். ஆனால் அந்தப் படலையைத் திறப்பவர் வீட்டுக்காரர். மதில் வாசலின் திறப்பு யாருடைய கையில் இருக்கும்? இன்று திறப்பார், நாளை ஏதோ அலுவல் என்று பூட்டுவார். உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட வணக்கத்தலங்களுக்கு அனுமதி பெற்றே போய்வந்த வலிகாமம் வடக்கு மக்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அனுமதியோடு செபிக்கப் போகிறவன் செபிக்கத்தான் செய்கிறான். என்றாலும் அவன் அங்கே விருந்தாளி.

பிறவுண்ஸ்வில் மறைமாவட்ட ஆயர் டானியல் புளோரஸ் ஆண்டகை இதே நிலையில்தான் நின்றார். நில அளவைக்காரரை உள்ளே விடவும் அவர் இசையவில்லை. அரசாங்கம் வழக்கு வைத்தது. 2019 பெப்ரவரி 6ஆந் திகதி நீதிமன்றம் அளவைக்கு இடங்கொடுக்கும்படி தீர்த்தது. அளப்பது மட்டும் எவருடைய வழிபாட்டையும் தடுக்காது என்பது அதன் எண்ணம். சட்டப்படி அது பொருந்தலாம். ஆனால் எதற்காக அளக்கிறார்கள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது! ஒன்பது நாட்கள் கழித்து, பெப்ரவரி 15இல், நிலைமை மாறியது. அன்று ஜனாதிபதி ட்ரம்ப் கையெழுத்திட்ட செலவுச் சட்டத்தில், லா லொமித்தா பூங்காவில் அந்தப் பணத்தைக்கொண்டு மதில் கட்டலாகாது என்று காங்கிரஸ் சேர்த்திருந்தது. அண்மையிலிருந்த வண்ணத்துப்பூச்சி நிலையம் ஒன்றும், அரசாங்கப் பூங்காவும், பறவைகள் சரணாலயமும் அதே பட்டியலில் தப்பின.

ஊர்வலம் வென்றது என்று இத்துடன் பேனாவை வைத்துவிடலாம். எனக்கு இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. பட்டியலில் இடம்பெற்றவை பெயர் பெற்ற இடங்கள். பெயரில்லாத காணிகளுக்கு விலக்குக் கிடைக்கவில்லை. மிஷன் நகருக்கு அருகே தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் வைத்திருந்த ஆற்றங்கரை நிலம் 2021 ஏப்ரலில் நீதிமன்றக் கட்டளையால் அரசாங்கத்துக்குப் போயிற்று. மதில் வேலையை நிறுத்தும்படி அவ்வாண்டு ஜனவரியில் கட்டளையிட்ட பைடன், கத்தோலிக்கரான ஜனாதிபதி, பதவியில் இருந்த காலமது.

திருக்குடும்பம் எகிப்துக்கு ஓடியதையே அகதிகள் எல்லாருக்கும் முன்மாதிரியாகப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1952இல் எடுத்துக்காட்டினார். அந்தக் குடும்பத்தின் கையில் கோவில் இருக்கவில்லை, காணி உறுதியும் இருக்கவில்லை. வழிபாட்டுச் சுதந்திரம் என்று வாதாடத் திருச்சபையிடம் ஆலயம் இருந்தது, ஆயர் இருந்தார், சட்டத்தரணிகள் இருந்தார்கள். அந்த வாதம் பிழையென்று நான் சொல்லமாட்டேன். அது சரியான வாதமே. ஆனால் அது அக்கம்பக்கத்துக் கமக்காரனுக்கு உதவாத வாதம். ஆற்றைக் கடந்து வருகிற தாய்க்கும் பிள்ளைக்கும் அதைவிடவும் உதவாது. ஓகஸ்ட் மாதத்து ஊர்வலத்திலே பல திறத்தாரும், ஏறக்குறைய நாற்பது சங்கங்களைச் சேர்ந்தவர்கள், ஒன்றாக நடந்தார்கள். ஆலயம் தப்பியபோது அவர்கள் எல்லாரும் தப்பவில்லை.

2025 ஜூலையில் அமெரிக்க அரசு மதிலுக்கென்று 4,650 கோடி டொலரைச் சட்டமாக்கி ஒதுக்கியிருக்கிறது. அந்த ஆற்றோரத்தில் காணி எடுப்பதற்கான கடிதம் காணிக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே வரும்.