கதை எங்கே திரும்பியது?

சிறுகதை நடத்தும் நாளில் கரும்பலகையில் ஒரு கோடு ஏறி இறங்குவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். அடியில் தொடக்கம், ஏறும் வழியில் சிக்கல், நுனியில் உச்சம், இறங்கும் வழியில் தளர்வு, மறுகோடியில் முடிவு. விரிவானப் பகுதியில் எந்தக் கதை வந்தாலும் மாணவர்கள் இந்த ஐந்து பெயர்களையும் அதன்மேல் பொருத்திவிடுகிறார்கள்; பெரும்பாலும் சரியாகவே பொருத்துகிறார்கள். அந்த வேகம்தான் நம்மை யோசிக்கவைக்க வேண்டும். ஒரு மனிதரின் வாழ்வு குலைந்த கதையைப் படித்துவிட்டு, குலைந்த இடம் இதுதான் என்று ஒரு பிள்ளை விரல் வைக்கும்போது, அது உண்மையில் எதை அறிந்துகொள்கிறது?

அந்தக் கோட்டின் மூலவர் குஸ்தாவ் பிரைடாக் என்ற ஜெர்மானியர். நாடக உத்தி பற்றி 1863இல் வெளிவந்த தம் நூலில், ஐந்து அங்க நாடகத்தை மனத்தில் வைத்து அவர் அமைத்த வடிவம் அது. அதற்கு முன்பே, 1842இல், சிறிய கதையைப் பற்றி எழுதிய எட்கர் ஆலன் போ, ஒரே அமர்வில் படித்து முடிப்பதையும் படிப்பவர் மனத்தில் ஒரே விளைவு நிலைப்பதையும் அதன் உயிராகக் கண்டார். நாடகத்தின் அளவுகோலைச் சிறுகதையின்மேல் வைப்பது பெருங்குற்றம் ஆகாது. ஆயினும், ஓசை மிகுந்த இடமே உச்சம் என்ற பழக்கத்தை அது பிள்ளைகளிடம் விட்டுச் செல்கிறது. கண்ணீரும் குருதியும் எங்கே அதிகமோ, அங்கே அவர்கள் அடிக்கோடு இடுகிறார்கள்.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழை நாளில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண், கார், பின்பு நேர்ந்த கொடுமை, வீடு, தாய். கதையின் உச்சம் எது என்று கேட்டால் பலரும் காருக்குள் நடந்ததைத்தான் சொல்வார்கள். அங்கேதானே எல்லாம் நடந்தது என்று தோன்றும். ஆனால் கதை அங்கே திரும்பவில்லை. முதலில் பதறிப்போகும் தாய், பின் தன்னைத் தேற்றிக்கொண்டு மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையானவள் என்று சொல்லும் இடத்தில் திரும்புகிறது. நேர்ந்துவிட்டதை யாராலும் மாற்ற முடியாது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்பது மட்டும் இன்னும் ஒருத்தியின் கையில் இருந்தது; அவள் தீர்மானித்தாள்.

இதற்கு ஜெயகாந்தனே சான்று தந்திருக்கிறார். பெரும் விவாதத்தைக் கிளப்பிய அந்தக் கதைக்குப் பின் அவர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த நாவலில் மழை அதே மழை, கார் அதே கார். தாய் மட்டும் தண்ணீர் ஊற்றவில்லை. ஊரறியக் கூச்சலிட்டு அழுதாள். அண்ணன் அடித்து வெளியேற்றினான். அந்த ஒரு மாற்றத்திலிருந்து கங்கா என்ற அந்தப் பெண்ணின் நெடிய வாழ்வு முழுவதும் வேறு திசையில் போய்விடுகிறது. கதைப்பின்னல் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இந்த இரண்டு படைப்புகளையும் அருகருகே வைப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. எந்தச் செயலை மாற்றினால் அதன் பின்னால் உள்ள அனைத்தும் மாறுமோ, அதுதான் திருப்பம். மிகப் பெரிய நிகழ்ச்சி அதுவாக இருக்க வேண்டும் என்பதில்லை.

நம் மரபில் இதைப் பார்த்தவர்கள் உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், நாடகத்தின் ஐந்து சந்திகளை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று எண்ணி, அவற்றுக்குப் பயிரை உவமையாகச் சொல்கிறார். உழுத மண்ணில் விதை முளைக்கிறது, இலை விட்டு வளர்கிறது, கரு முற்றுகிறது, விளைகிறது, அறுத்து உண்ணப்படுகிறது. உச்சிக்கு ஏறிக் கீழே விழும் கோட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பயிரில் எந்தப் பருவமும் முந்தைய பருவத்தை உதறிவிட்டு வருவதில்லை. கடைசியில் உண்ணப்படுவது முதலில் விதைக்கப்பட்டதே. உ.வே. சாமிநாதையர் இந்த உரையோடு சிலம்பை 1892இல் பதிப்பித்தார். அன்றுமுதல் அது நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. நம் வகுப்பறைகளில் அது ஏன் இன்னும் பெரிதாகப் பேசப்படவில்லை என்பது எனக்கு வருத்தம்.

அடியார்க்கு நல்லார் உரை எழுதிய காப்பியத்தையே எடுத்துக்கொள்வோம். கோவலன் கதை எங்கே திரும்பியது? மதுரை எரிந்த இடம் என்று உடனே விடை வரும். சற்றுப் பொறுத்தால் வேறு விடைகளும் வரும். கடற்கரையில் மாதவி பாடிய கானல்வரியைக் கோவலன் தவறாகப் பொருள்கொண்டபோது என்று ஒருவர் சொல்லலாம். அவள் அனுப்பிய கடிதத்தை அவன் வாங்க மறுத்தபோது என்று இன்னொருவர் சொல்லலாம். பொற்கொல்லனின் பொய் என்பார் ஒருவர். ஊடிச் சென்ற அரசியைத் தணிக்க விரைந்த பாண்டியன், வழியில் கேட்ட ஒரு சொல்லை ஆராயாமல் ஆணையிட்ட அந்தக் கணம் என்பார் மற்றொருவர். நூலின் பதிகமோ இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஊழ் நின்றது என்கிறது. ஒவ்வொரு விடையும் பொறுப்பை வேறொருவர் தோளில் ஏற்றுகிறது. கானல்வரி என்றால் ஐயமே குற்றவாளி. ஆணை என்றால் அரசு. ஊழ் என்றால் மனிதர் எவருமில்லை. உச்சம் எது என்று கேட்கும் ஆசிரியர், தாம் அறிந்தோ அறியாமலோ, யார் பொறுப்பு என்று கேட்டுவிடுகிறார்.

தொடக்கமும் முடிவும்கூட இப்படித்தான். அகலிகை கல்லிலிருந்து பெண்ணாவதை ஒரு நற்கதியாகவே நாம் கேட்டு வளர்ந்தோம். புதுமைப்பித்தன் ‘சாப விமோசன’த்தில் அங்கிருந்து தொடங்குகிறார். இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். கதையை எங்கே முடிப்பது என்பது யாருடைய துன்பத்தைத் தீர்ந்ததாகக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

இந்த இடத்தில் பாடம் இலக்கியத்தைக் கடந்துவிடுகிறது. நம் வாழ்வின் நடுவில் நிற்கையில் எது சிக்கல், எது திருப்பம் என்று நமக்குத் தெரிவதில்லை. அன்றாடத்தின் ஓட்டத்தில் சொல்லப்பட்ட ஒரு கடுஞ்சொல்லும், திறந்து படிக்கப்படாத ஒரு கடிதமும், விசாரிக்காமல் நம்பிய ஒரு செய்தியும் மற்ற எல்லாக் கணங்களைப் போலவே சிறியவையாகக் கடந்து போகின்றன. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பிறகே தன்னைக் கள்வன் என்று உணர்ந்த பாண்டியனைப் போல, விளைந்ததை உண்ணும் பருவத்தில்தான் விதைத்த நாளை நாம் அடையாளம் காண்கிறோம். நிலைமாற்றத்தோடு ஒரே நேரத்தில் நேரும் அறிதலையே அரிஸ்டாட்டில் துன்பியலில் மிகச் சிறந்த அறிதல் என்றார். கதை படிக்கும் பிள்ளைக்கு மட்டும் இந்த வரிசை மாறிக் கிடைக்கிறது. தன் வீழ்ச்சி எதையும் விலையாகக் கொடுக்காமல், பிறருடைய வாழ்வில் ஒரு கணம் இன்னும் மீளத்தக்கதாக இருந்த இடத்தை அது முன்கூட்டியே பார்த்துப் பழகுகிறது. அந்தப் பழக்கம் வேர்விட்டால், தன் முறை வரும்போது, செயலுக்கும் விளைவுக்கும் இடையே உள்ள அந்த மெல்லிய இடைவெளியில் ஒரு மூச்சு நின்று யோசிக்கும் ஆற்றல் அதற்குக் கைவரக்கூடும்.

ஆகவே விடைக்குறிப்பில் அச்சாகியிருக்கும் ஒரே வரியோடு இந்தப் பாடத்தை முடித்துவிடக் கூடாது. ஒரு மாணவி மாதவியின் கடிதத்தைக் காட்டட்டும். ஒரு மாணவன் பாண்டியனின் ஆணையைக் காட்டட்டும். இருவரும் தத்தம் வரியை உரக்கப் படித்து, அந்த இடத்தில் யார் வேறு என்ன செய்திருக்கலாம், செய்திருந்தால் பின்னால் எது நடந்திருக்காது என்று சொல்லட்டும். மதிப்பெண் அந்தக் காரணத்துக்குத் தரப்பட வேண்டும். மணி அடித்துவிட்டால், மறுநாள் வகுப்பிலும் அதே கதையை எடுக்கலாம்.