சாபத்திற்கு முன் வந்த மன்னிப்பு

காளிதாசரின் சாகுந்தலம் இன்பமாக முடிவதற்குத் துர்வாசரின் சாபமே துணை என்பர். பாரதக் கதையில் சாபம் இல்லை. துஷ்யந்தன் அறிந்தே மனைவியை மறுக்கிறான். பழியைச் சாபத்தின்மேல் ஏற்றி மன்னனைக் கவிஞர் காத்துவிட்டார் என்று நாமும் நெடுநாள் குறைபட்டதுண்டு. ஆயின் ஏழாம் அங்கத்தை ஊன்றிப் படித்தபின் நம் கருத்து மாறிற்று.

மாரீசர் ஆசிரமத்தில் மன்னன் சகுந்தலையின் காலில் விழும்போது, சாபத்தை இருவருமே அறியார். தன் மறதிக்குச் சொல்ல அவனிடம் சமாதானம் ஏதுமில்லை. அவளோ அவனைப் பழியாமல், தன் பழவினையே அந்நாளில் பயன் தந்தது என்கிறாள். மாரீசர் சாபத்தை வெளிப்படுத்துவது அதன் பின்னரே. முன்னரே வெளிப்பட்டிருப்பின், மன்னிக்க அங்கே என்ன இருந்திருக்கும்?

ஒன்று மட்டும் உறுத்துகிறது. சாபத்தைக் கேட்டதும், பழி நீங்கியதென்று மன்னன் ஆறுதல் கொள்கிறான். அந்த ஆறுதலில் நம்மால் முழுமனத்தோடு கலந்துகொள்ள இயலவில்லை.