மலர்வளையத்துக்கு முன்

இந்திய விமானப் படையின் விபத்துகளை ஆராய ஏர் மார்ஷல் டெனிஸ் லா ஃபோன்டேன் தலைமையில் அமைந்த குழு, 1982-இல் ஒரு பரிந்துரையைத் தந்தது. மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானத்தில் கற்ற இளம் விமானியை நேராக மிக்-21 போர் விமானத்தில் ஏற்றக் கூடாது, இரண்டுக்கும் நடுவே உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் ஒன்று வேண்டும் என்பதே அது. மிக்-21 மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் தரையிறங்கும். அந்த வேகத்தில் பழக்கமில்லாத ஒருவர் தடுமாறினால் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது. பரிந்துரையை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் பிரிட்டனின் ஹாக் பயிற்சி விமானத்துக்கு ஒப்பந்தம் போட 2004 வரை ஆயிற்று. விமானம் படையில் சேர்ந்தது 2008-இல்.

இடைப்பட்ட ஆண்டுகளில் ஓர் அக்டோபர் 8-கூட விமானப் படை நாள் கொண்டாடப்படாமல் கழியவில்லை. அணிவகுப்பு நடந்தது, தலைவர்கள் வாழ்த்தினார்கள், விபத்தில் இறந்தவர்களின் தியாகம் போற்றப்பட்டது. 1971 முதல் 2012 வரை மிக் வகை விமான விபத்துகளில் 171 விமானிகள் உயிரிழந்ததாகப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்னார். எல்லா விபத்துக்கும் பயிற்சிக் குறையே காரணம் என்று சொல்ல முடியாது. இயந்திரக் கோளாறு, பறவை மோதல், மனிதத் தவறு என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் குறை இருப்பது தெரிந்தும், அதைப் போக்கும் வழி எழுத்தில் இருந்தும், 22 ஆண்டுகள் ஒப்பந்தம் போடாமலே போயின. அந்தக் காலத்தில் இறந்தவர்களில் சிலரேனும் இன்று உயிரோடு இருந்திருக்கக் கூடியவர்கள்.

படைவீரரைப் போற்றும் ஒவ்வொரு சமூகமும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இங்கே எழுகிறது. போர் கேட்ட உயிர் ஒன்று. அலுவலகத் தாமதம் கேட்ட உயிர் வேறொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் புகழ்ந்தால் யாருக்கு லாபம்? இறந்தவருக்கு இல்லை. அவர் குடும்பத்துக்கும் இல்லை. தாமதித்தவருக்குத்தான். தியாகம் என்று அறிவித்தபின் ஏன் இறந்தார் என்று கேட்பதே மரியாதைக் குறைவாகத் தோன்றிவிடுகிறது. புகழுரை பொய்யாக இருக்க வேண்டியதில்லை; உண்மையான புகழுரையே பொறுப்பை மூடி மறைத்துவிட முடியும். அறத்தின் பார்வையில் கவலை தர வேண்டியது இதுதான்.

தவிர்க்க முடியாத மரணமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனிச்சரிவு ஒன்று மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரைப் புதைத்தது. அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாட்களுக்குப் பின் பனிக்கடியிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டு, டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அந்தச் சரிவை எந்தக் காலணியும், எந்த அங்கியும் தடுத்திருக்காது. அங்கே காவல் நிற்பது என்று நாடு முடிவெடுத்தால் அந்த அபாயமும் அதனோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் அதே ஆண்டுகளில் பனிப்பகுதிகளில் நிற்கும் வீரர்களுக்கான காலணி, கண்ணாடி, உடை ஆகியவற்றின் கொள்முதலில் ஏற்பட்ட தாமதத்தையும் பற்றாக்குறையையும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதிவு செய்தார். பழைய காலணிகளையே சீர்செய்து மறுபடி பயன்படுத்த நேர்ந்ததையும் அந்த அறிக்கை சொன்னது. அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது 2020-இல். பனிச்சரிவுக்கு இயற்கை பொறுப்பு. காலணிக்கு டெல்லி பொறுப்பு.

ராணுவ நவீனமயம் என்றவுடன் நினைவுக்கு வருவது குடியரசு நாள் அணிவகுப்பில் உருண்டு செல்லும் ஏவுகணைதான். வீரரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது மிக எளிய பொருள்களில் தொடங்குகிறது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டு துளைக்காத ஜாக்கெட்டுகள் தேவை என்று ராணுவத்தின் கணக்கு 2009-லேயே ஏற்கப்பட்டது. அவற்றில் 1,86,138 ஜாக்கெட்டுகளுக்கான ஒப்பந்தம் 2018 ஏப்ரலில்தான் கையெழுத்தானது. இடையில் அவசரத் தேவைக்கென்று 50,000 மட்டும் வாங்கப்பட்டன. அந்த ஒன்பது ஆண்டுகளில் காஷ்மீரில் ரோந்து நிற்கவில்லை.

ஏன் இப்படி? சோம்பல் மட்டும் காரணம் இல்லை, அச்சமும் உண்டு. 1980-களின் நடுவில் ஸ்வீடனின் போஃபர்ஸ் பீரங்கிகள் வாங்கப்பட்டதில் எழுந்த ஊழல் புகார் ஓர் ஆட்சியையே அசைத்தது. அதே பீரங்கிகள் 1999-இல் கார்கில் மலைச் சிகரங்களை மீட்கப் பெரும் துணையாக இருந்தன. ஆனால் அவற்றுக்குப் பின் புதிய 155 மில்லிமீட்டர் பீரங்கி ராணுவத்தில் முறைப்படி சேர 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் டெண்டர் விடுவதும் ரத்து செய்வதுமாகக் கழிந்தன. தவறாகக் கையெழுத்திட்டவர் விசாரணையைச் சந்திக்க நேரும்; கையெழுத்தே போடாதவரை யாரும் விசாரிப்பதில்லை. இப்படி ஓர் ஏற்பாட்டில் நேர்மையான அதிகாரிகூடக் கோப்பைத் தள்ளிப்போடுவதையே பாதுகாப்பாகக் கருதுவார். ஊழலைக் குற்றம் என்று சொல்லும் நாக்கு, தாமதத்தையும் குற்றம் என்று சொல்லப் பழக வேண்டும். இரண்டிலும் விலை கொடுப்பவர் எல்லையில் நிற்பவர்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் போதாத நாட்டில் ஆயுதத்துக்கு இவ்வளவு பணமா? 2025-26 பட்ஜெட்டில் இந்தியப் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஏறக்குறைய 6.81 லட்சம் கோடி ரூபாய். கேள்வி நியாயமானது. அதைக் கேட்பவரைத் தேசவிரோதி என்று தள்ளுவது அறிவீனம். எவ்வளவு பெரிய படை வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்தப் பகையைப் பேச்சுவார்த்தையால் தீர்க்கலாம் என்பதெல்லாம் குடிமக்கள் விவாதிக்க வேண்டியவை. படையைச் சிறிதாக வைத்துக்கொள்ளும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டு. அரைகுறையாக வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. ஒருவரைக் காவலுக்கு அனுப்பியபின், அவருக்கு வேண்டியதைக் கொடுக்காமல் மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது. வெல்லும் படைக்கு வறுமை இருக்கக் கூடாது என்று வள்ளுவர் படைமாட்சியில் சொல்லிவிட்டு, உறுதியான வீரர்கள் நிறைய இருந்தாலும் தலைவர்கள் இல்லையேல் படையே இல்லை என்று அதிகாரத்தை முடிக்கிறார். வீரரின் உறுதியை மட்டும் போற்றிவிட்டு நிறுத்திக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

உள்நாட்டிலேயே செய்துகொள்ள வேண்டும் என்ற கொள்கையும் இந்தத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டியதே. முதல் தேஜஸ் விமானம் பறந்தது 2001 ஜனவரியில். அந்த விமானங்களின் இரண்டு ஸ்குவாட்ரன்கள் கோயம்புத்தூருக்கு அருகே சூலூரில் நிலைகொண்டன. இந்தியப் பொறியாளர்களின் உழைப்பில் உருவான அந்த விமானம் பெருமைக்குரியது, அதில் ஐயமில்லை. ஆனால் புதியவை உரிய காலத்தில் வராததால், 1963-இல் படையில் சேர்ந்த மிக்-21 வகை 2025 செப்டம்பர் வரை பறக்க வேண்டியிருந்தது. தற்சார்பு நாட்டின் இலக்காக இருக்கலாம். அது நிறைவேறும் வரையிலான ஆபத்தை முழுக்க விமானியின் தலையில் மட்டும் சுமத்தலாமா என்பதற்கு அந்த இலக்கைப் பேசுவோர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

கருவி தருவது போலவே உண்மை தருவதும் வீரருக்குச் செலுத்த வேண்டிய கடன். 1962 சீனப் போரில் லடாக்கின் ரெசாங் லா கணவாயில் மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் குமாவோன் ரெஜிமென்ட்டின் ஒரு கம்பெனி ஏறக்குறைய முழுவதுமாக மடிந்தது. சில மாதங்களுக்குப் பின், ஆயுதம் பிடித்த நிலையிலேயே உறைந்து கிடந்த உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அந்தப் போரின் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் – பகத் அறிக்கை 1963-இல் தயாரானது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அரசு அதை வெளியிடவில்லை. கார்கிலில் நடந்தது வேறு. 527 வீரர்களைப் பலிகொண்ட அந்தப் போர் முடிந்த சில நாட்களிலேயே, திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைந்தது. அதன் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தாலும், அடுத்த ஆண்டே நாடாளுமன்றத்தின் முன் வந்தது. உளவுத் துறையின் குறை, கண்காணிப்பின் குறை எல்லாம் அதில் பேசப்பட்டன. படையின் மனவலிமை அதனால் குலைந்துவிடவில்லை. 1962-இல் இறந்தவர்களுக்குச் சிலைகளும் நினைவிடங்களும் உண்டு. ஏன் அப்படி இறக்க நேர்ந்தது என்ற விளக்கம் மட்டும் இன்னும் பூட்டிக் கிடக்கிறது. கார்கில் வீரர்களுக்குக் கிடைத்த மரியாதையில் பாதியே அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வியின் மிகக் கடினமான முனை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி அமைதி காக்கச் சென்ற இந்தியப் படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. யாரைக் காக்க வந்தோம், யாரோடு சண்டை என்பதே மூன்று மாதத்துக்குள் மாறிப்போன களம் அது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இரவில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கியக் காலாட்படைப் பிரிவு ஒன்றில் ஒருவர் தவிர அனைவரும் மடிந்தனர். அதே அக்டோபரில், தீபாவளி நாளன்று, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். நவம்பர் 25 அன்று, சென்னையில் பயிற்சி பெற்று அதிகாரியான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், மார்பில் குண்டு பாய்ந்த பின்னும் தன் வீரர்களை வழிநடத்தி இறந்து பரம் வீர் சக்ரா பெற்றார். ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்த பின், 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னை திரும்பியபோது, முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை.

அந்தப் புறக்கணிப்பைச் சரி என்றோ தவறு என்றோ ஒரே வரியில் தீர்ப்பது எளிது. எளிது என்பதாலேயே இரு தரப்பும் அப்படிச் செய்தன. உறவினரைப் பறிகொடுத்த ஈழத்தமிழர் பக்கம் நின்று பார்த்தால், கொல்லப்பட்டவர்களுக்கு நீதி என்ற பேச்சே இல்லாமல் கொன்றவர்களுக்கு மாலையா என்ற கேள்விக்கு மறுமொழி கிடையாது. பஞ்சாபிலிருந்தோ குமாவோனிலிருந்தோ உத்தரவுக்குக் கட்டுப்பட்டுச் சென்று காலை இழந்து திரும்பிய சிப்பாய், அந்த ஒப்பந்தத்தை எழுதியவர் அல்லர். அவருக்குத் துறைமுகத்தில் காட்டிய முகம் உரியது ஆகாது. இந்த இரண்டில் ஒன்றை மறைத்தால்தான் மற்றொன்றைச் சொல்ல முடியும் என்று நினைப்பதே பிழை.

சீருடைக்கு மொத்தமாக வணக்கம் செலுத்தும் பழக்கம் இங்கேதான் தோற்கிறது. மருத்துவமனைக்குள் சுட்டவரையும், தன் ஆட்களைக் காத்து மடிந்த பரமேஸ்வரனையும் ஒரே புகழ்ச்சிக்குள் அடக்கினால் அவமானம் பரமேஸ்வரனுக்கே. நாகாலாந்தின் ஓட்டிங் கிராமத்தில் 2021 டிசம்பரில் சுரங்க வேலை முடித்து வீடு திரும்பிய தொழிலாளர்களைத் தீவிரவாதிகள் என்று தவறாகக் கருதிப் படையினர் சுட்டதும் இதே கேள்வியை எழுப்பியது. ஆயுதம் நவீனமாக ஆக, அதை ஏந்துபவர் பதில் சொல்ல வேண்டிய கடமையும் கூடுகிறது. நேர்மையாகப் பணிபுரியும் லட்சக்கணக்கானோரின் பெயரைக் காப்பது விசாரணைதான். விசாரணையைத் தடுப்பது அவர்களையும் சேர்த்துச் சந்தேகத்தில் நிறுத்திவிடுகிறது.

பணி முடிந்து வீடு திரும்புபவரின் கதையும் இந்தக் கடனில் சேர்ந்ததே. தமிழகத்தில் நடுகல் எடுத்த காலத்தில், கல்லை மட்டும் நட்டுவிட்டு ஊர் கலைந்துவிடவில்லை. மடிந்த வீரரின் குடும்பத்துக்கு நெய்த்தோர்ப்பட்டி, உதிரப்பட்டி என்ற பெயர்களில் நிலம் கொடுத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கல் ஊர் பார்க்க. நிலம் அடுப்பு எரிய. 2022-இல் வந்த அக்னிபத் திட்டம் இந்தப் பழைய ஏற்பாட்டோடு உரசுகிறது. நான்கு ஆண்டுப் பணி. அதன்பின் நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரமாக்கப்படுவர். மற்றவர்கள் ஏறக்குறைய 11.7 லட்சம் ரூபாயோடு, ஓய்வூதியம் இல்லாமல் திரும்புவர். படை இளமையாகும் என்பது அரசின் வாதம். மலைப்போருக்கு இளமை வேண்டும் என்பது உண்மையே. ஓய்வூதியச் செலவு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டுவதால் நவீன ஆயுதத்துக்குப் பணம் மிஞ்சுவதில்லை என்பதும் கணக்கில் சரி. ஆனால் ஒரே பதுங்குகுழியில் நின்று ஒரே குண்டுக்கு இறக்கும் இருவரில் ஒருவர் குடும்பத்துக்கு வாழ்நாள் ஓய்வூதியம் உண்டு, மற்றவர் குடும்பத்துக்கு ஒருமுறை இழப்பீட்டுத் தொகைதான் என்றால், அந்தக் கணக்கை எந்த நடுகல் மரபாலும் நியாயப்படுத்த முடியாது. புதிய பீரங்கிக்கான பணத்தை, அதை இயக்குபவரின் வீட்டு அடுப்பிலிருந்து எடுப்பதை நவீனமயம் என்று எப்படிச் சொல்வது?

வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சுற்றுவட்டாரத்தில் அழைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. அத்தகைய ஊர்களுக்கு ராணுவம் தேசபக்தியாகவும் இருந்தது, பிழைப்பாகவும் இருந்தது. பிழைப்புக்காகச் சேர்ந்தார் என்பதால் ஒருவரின் வீரம் குறைந்துவிடாது. ஆனால் அந்தப் பிழைப்பை நாடு உறுதி செய்ய வேண்டும். அக்னிபத்தின் முதல் அணியினர் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பணியில் சேர்ந்தார்கள். அவர்களின் நான்கு ஆண்டு நிறைவது 2026 இறுதியை ஒட்டி. நான்கில் மூவர், இன்னும் இருபதுகளில் இருக்கும் இளைஞர்கள், பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பத் தொடங்குவார்கள். துணை ராணுவத்திலும் மாநிலக் காவல் துறைகளிலும் இட ஒதுக்கீடு தருவோம் என்ற அறிவிப்புகள் இருக்கின்றன. அந்த இடங்கள் உண்மையில் எத்தனை பேருக்குக் கிடைக்கின்றன என்பதை ஊர்தோறும் கணக்குப் பார்க்கும் வேலை அடுத்த படைவீரர் கொடிநாளுக்குள் தொடங்கிவிட வேண்டும்.