கயிற்றைப் பிடிப்பவர் யார்?

2015 ஜூன் 8ஆம் தேதி இரவு, கண்காணிப்புப் பணிக்காகச் சென்னையிலிருந்து புறப்பட்ட கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம், மூன்று பேருடன் வங்கக் கடலில் காணாமல் போனது. தேடல் ஒரு மாதத்துக்கும் மேல் நீண்டது. கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பல், விமானத்தின் ஒலிக்கருவி எழுப்பிய சமிக்ஞையைக் கண்டறிந்தது. ‘ஒலிம்பிக் கேன்யன்’ என்ற கப்பல் ஜூலை 10ஆம் தேதி கறுப்புப் பெட்டியை வெளியே எடுத்தது. கடலூர், பிச்சாவரம் கரைக்கு அப்பால், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அது கிடந்தது. இரு கை விரித்த நீளத்தைப் ‘பாகம்’ என்னும் மீனவர்களின் கணக்கில் ஐந்நூறு பாகத்துக்கும் மேல். அந்த ஆழத்துக்கு எந்த மனிதரும் இறக்கப்படவில்லை. கப்பலிலிருந்து இயக்கப்பட்ட எந்திரமே இறங்கியது.

அங்கே விவாதத்துக்கு இடமில்லை. ஆயிரம் மீட்டரில் நீச்சலுடையோடு மனிதர் பிழைக்க முடியாது என்று இயற்கையே தீர்ப்பு எழுதிவிட்டது. அறச்சிக்கல் தொடங்குவது அதற்கு வெகு மேலே, மனிதரால் போக முடிகிற, ஆனால் போனால் திரும்புவது உறுதியில்லாத நீரில். ஸ்கூபாவில் ‘டெக்னிக்கல் டைவிங்’ என்று அழைக்கப்படுவது அந்த நீரில்தான் நடக்கிறது. அங்கே ஒருவர் இறந்தால் அது யார் பொறுப்பு?

கேள்வியின் கனம் புரிய, ஆழம் உடலை என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை நாற்பது மீட்டர். அதை நெருங்கும்போதே காற்றிலுள்ள நைட்ரஜன் மதுவைப் போல அறிவை மயக்கத் தொடங்கும். 66 மீட்டரில், நாம் தினமும் சுவாசிக்கும் காற்றின் ஆக்சிஜனே வலிப்பை உண்டாக்கும் அளவை எட்டிவிடும். அதனால் ஹீலியம் கலந்த வாயுவை எடுத்துச் செல்கிறார்கள். ஏறிவரும்போது, உடலில் கரைந்த வாயு குமிழிகளாகக் கொதித்து ரத்த ஓட்டத்தை அடைக்காதிருக்க, படிப்படியாக நின்று நின்று வர வேண்டும். சில நிமிடம் ஆழத்தில் இருந்ததற்குச் சில மணி நேரம் நீரில் காத்திருக்க நேரலாம். மூச்சு முட்டினாலும் பயம் பிடித்தாலும் நேராக மேலே பாய்ந்துவிட முடியாது.

இதையெல்லாம் அறிந்து, பயின்று, பணம் கட்டி இறங்குபவர் வயதுவந்த மனிதர். ஆகவே அவர் உயிர் அவர் பொறுப்பு என்பதே இந்தத் துறையில் பலமாக ஒலிக்கும் குரல். இதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. மலையேறுபவரையும் பாய்மரப் படகில் உலகைச் சுற்றுபவரையும் நாம் தடுப்பதில்லை. ஆபத்தைத் தெரிந்தே ஏற்கும் உரிமை, தன் வாழ்வைத் தானே நடத்தும் உரிமையின் ஒரு பகுதி. அதைப் பறித்தால் குகைகளின் வரைபடமும் மூழ்கிய கப்பல்களின் வரலாறும் நமக்குக் கிடைத்திருக்காது. தன் சிலிண்டரில் இருப்பது என்ன வாயு என்று தானே சோதிப்பதும், எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் ‘இன்று வேண்டாம்’ என்று விலகுவதும் ஒவ்வொரு டைவரின் கடமை, உரிமை என்று பயிற்சியில் சொல்லித்தரப்படுகிறது. அது நல்ல பாடம்.

ஆனால் அந்தக் குரல் மூன்று இடங்களில் உடைகிறது.

முதலாவது, சம்மதம் கொடுத்த மனமும் முடிவெடுக்கும் மனமும் ஒன்றல்ல. கரையில் தெளிவாகக் கையெழுத்திட்டவர், அறுபது மீட்டரில் மயக்கத்தோடு ‘இன்னும் கொஞ்சம்’ என்று தீர்மானிக்கிறார். இரண்டாவது, அவருடைய உயிர் பிறர் கையால் செய்யப்பட்ட வேலைகளின் மேல் நிற்கிறது. வாயுவைக் கலந்தவர், ரெகுலேட்டரைப் பழுது பார்த்தவர், அவர் தயாராகிவிட்டார் என்று சான்றிதழ் கொடுத்த பயிற்றுநர், மேலே படகைப் பிடித்திருப்பவர் என்று அந்த வரிசை நீளமானது. தூய ஆக்சிஜனை ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசிக்கக் கூடாது. ஆக்சிஜன் சிலிண்டரில் ஆழ எல்லையாக எழுதப்படாமல் விட்ட ஒரு எண்ணே ஆழத்தில் ஒருவரைக் கொல்லப் போதும். மூன்றாவது, அவர் திரும்பி வராவிட்டால் தேடி யாராவது இறங்குவார்கள். அவர்கள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டவர்கள் அல்லர்.

இந்த மூன்றாவது காரணமே கனமானது. 2005 ஜனவரி 8ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவின் புஷ்மன்ஸ் ஹோல் என்ற நீர்க்குகையில் டேவிட் ஷா சுமார் 270 மீட்டர் ஆழத்துக்கு இறங்கினார். பத்து ஆண்டுகளுக்கு முன் அங்கே இறந்த டியான் ட்ரேயர் என்ற இருபது வயது இளைஞரின் உடலை மீட்டுப் பெற்றோரிடம் ஒப்படைப்பதே நோக்கம். கீழே உடலோடு போராடிய உழைப்பில் கரியமில வாயு சேர்ந்து ஷா இறந்தார். அவர் மேலே வராததைக் கண்ட தோழர் டான் ஷர்லி மேலும் ஆழம் இறங்கினார். சுவாசக் கருவியின் கட்டுப்பாட்டுப் பகுதி அழுத்தத்தில் உடைய, திரும்பினார். பல மணி நேரம் நீரில் உயிருக்குப் போராடி மீண்டார். உட்காதில் ஏற்பட்ட சேதம் அவருக்கு நிலைத்துவிட்டது. சில நாள்களுக்குப் பின், கயிறுகளை மேலே இழுத்தபோது இரண்டு உடல்களும் சேர்ந்தே வந்தன.

ஷாவின் எண்ணம் உயர்ந்தது, அதில் ஐயமில்லை. ஆனாலும் உயர்ந்த எண்ணம் ஒரு செயலைச் சரியாக்கிவிடுமா? இறந்தவரின் உடலை மீட்பது உயிரோடிருப்பவர்களின் துயரத்துக்குச் செய்யும் தொண்டு. அந்தத் தொண்டு இன்னொரு குடும்பத்தில் அதே துயரத்தை உண்டாக்கக்கூடும் என்றால், அதைச் செய்யாதிருப்பதும் அறமே. 2014 பிப்ரவரியில் நார்வேயின் ப்ளூரா குகையில் இரண்டு ஃபின்லாந்து டைவர்கள் இறந்தார்கள். மீட்பு மிகவும் ஆபத்தானது என்று அதிகாரபூர்வ முயற்சி கைவிடப்பட்டு, குகை மூடப்பட்டது. அடுத்த மாதமே நண்பர்கள் அனுமதியின்றி இறங்கி உடல்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள்மேல் வழக்கு நடத்தப்படவில்லை. அவர்களின் அன்பை யாராலும் குறைசொல்ல முடியாது. அவர்கள் பிழைத்து வந்ததால் அந்த முடிவு சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. விளைவு நல்லதாக அமைந்தது என்பதற்காகத் தீர்மானம் நல்லது என்று எண்ணப் பழகிய குழுவுக்கு, அடுத்த முறை அதே தீர்மானம் உயிர் கேட்கும்.

தமிழகத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முன்பு நடந்த முத்துக்குளிப்பில் இடுப்பில் கயிறு கட்டி ஒருவர் மூழ்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மூழ்குபவரின் மச்சானே, அதாவது மனைவியின் உடன்பிறந்தவனே, கயிற்றைப் பிடிக்க வேண்டும் என்ற வழக்கு தூத்துக்குடிக் கரையில் சொல்லப்பட்டு வருகிறது. தன் சகோதரியின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பதால் அவன் கை தளராது. ஒருவரை ஆழத்துக்கு அனுப்புபவர், அவர் திரும்பாவிட்டால் தாமும் இழப்பவராக இருக்க வேண்டும் என்பதே அந்த வழக்கின் அறம்.

இன்றைய டைவிங்கை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். விபத்து நடந்தால் இழப்பு யாருக்கு? டைவருக்கு உயிர், குடும்பத்துக்கு எல்லாம். கட்டணம் வாங்கிய நிறுவனத்துக்கோ, முன்கூட்டியே வாங்கிய ‘எந்த விபத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல’ என்ற தாள் இருக்கிறது. ஆபத்தை விளக்கிச் சொல்லும் அளவில் அந்தத் தாள் நேர்மையானது. கவனக்குறைவை மறைக்கும் திரையாக மாறும்போது அது அறமற்றது. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதைக் குற்றம் என்கிறது. இறந்தவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தது என்பதால் மட்டும் அந்தக் குற்றம் கரைந்துவிடாது.

பொறுப்பு கீழே இருப்பவர் தலையில் சரிந்து விழும் வழக்கம், கூலிக்கு இறங்கும் டைவர்களின் வரலாற்றில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1983 நவம்பர் 5ஆம் தேதி, வடகடலின் பைஃபோர்டு டால்ஃபின் எண்ணெய்த் துரப்பணத் தளத்தில், டைவர்கள் தங்கும் அழுத்த அறைக்கும் அவர்களை ஆழத்துக்கு இறக்கும் மணிக்கும் இடையிலான பிணைப்பு, கதவு முழுதாக மூடுமுன் கழற்றப்பட்டது. நான்கு டைவர்களும் ஒரு உதவியாளரும் அந்த நொடியே இறந்தார்கள். பிழை பிணைப்பைக் கழற்றிய உதவியாளருடையது என்று முதலில் சொல்லப்பட்டது. அவர் இறந்துவிட்டார், பதில் சொல்ல முடியாது. அழுத்தம் இருக்கும்போது பிணைப்பைக் கழற்றவே முடியாதபடி தடுக்கும் அமைப்பு அந்தக் கருவியில் இல்லை என்ற உண்மை பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது. குடும்பங்களுக்கு நார்வே அரசின் இழப்பீடு கிடைக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ‘மனிதப் பிழை’ என்று எழுதிக் கோப்பை மூடுமுன், அந்தப் பிழைக்கு இடம் வைத்தவர் யார் என்று கேட்காத விசாரணை, இறந்தவருக்கு இரண்டாம் முறை இழைக்கும் அநீதி.

எல்லாச் சுமையையும் நிறுவனத்தின் மேல் ஏற்றிவிட்டால் டைவர் பொறுப்பற்றவராக ஆகிவிட மாட்டாரா என்ற மறுப்பு நியாயமானது. பொறுப்பு ஒரு சொத்தைப் போலப் பங்கு பிரிவதில்லை. ஒருவர் பங்கு கூடினால் மற்றவர் பங்கு குறைய வேண்டிய தேவையில்லை; ஒவ்வொருவரும் தம் கடமையை முழுதாகவே சுமக்கிறார்கள். வாயு கலந்தவர் சோதித்தார் என்பதால் டைவர் சோதிக்காதிருக்கலாகாது. டைவர் சோதிப்பார் என்பதால் கலப்பவர் அலட்சியமாக இருக்கலாகாது. நீர்க்குகை டைவிங்கின் முன்னோடியான ஷெக் எக்ஸ்லி, இறந்தவர்களின் விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1979இல் பாதுகாப்பு விதிகளை நூலாக்கினார். வெளியே வரும்வரை அறுபடாத வழிக்கயிறு, வாயுவில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு என்பவை அந்த விதிகளில் அடங்கும். அந்த மூன்றாம் பங்கு தனக்கு மட்டும் உரியதல்ல; மூச்சின்றித் தவிக்கக்கூடிய துணைவருக்கும் உரியது. விதிகளை எழுதிய எக்ஸ்லியே 1994இல் மெக்சிகோவின் சக்காட்டோன் நீர்க்குழியில், ஏறத்தாழ 270 மீட்டர் ஆழத்தில் இறந்தார். அனுபவம் யாருக்கும் விலக்களிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கடலூர், சிதம்பரம் கரைக்கு இது தொலைதூரச் செய்தியல்ல. இங்கே கண்டத்திட்டு குறுகலானது. முப்பது கிலோமீட்டர் போனாலே ஆயிரம் மீட்டர் ஆழம். பக்கத்துப் புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சி சுற்றுலாவாக வளர்ந்துவிட்டது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பல பத்தாண்டுகளாகக் கடலைப் படிக்கிறது. ஆழத்தை அறியும் ஆசையும், அதை விற்கும் வணிகமும் இந்தக் கரையிலும் வளரும், வளரட்டும். ஆனால் இங்கே ஒரு டைவர் காணாமல் போனால் முதலில் படகை எடுப்பவர்கள் தேவனாம்பட்டினத்திலும் சாமியார்பேட்டையிலும் முடசல்ஓடையிலும் இருக்கும் மீனவர்கள். அவர்களுடைய நாள் கூலியும் டீசலும் உயிரும் அந்தப் பயணத்தில் பணயமாகும். அவர்களைக் கணக்கில் எடுக்காத எந்த ஆழத் திட்டமும் பிறர் உயிரைக் கேட்காமல் கடன் வாங்குவதாகும்.

ஆகவே ஆழத்துக்கு அழைத்துச் செல்பவர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் எளிமையானவை. குமிழி நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எங்கே இருக்கிறது? படகிலிருந்து அங்கே சேர எத்தனை மணி நேரம்? படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, அதைக் கொடுக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா? ஒருவர் வராவிட்டால் யார் இறங்குவார், எந்த ஆழத்துக்குக் கீழே யாரும் இறங்கக் கூடாது என்று முன்பே முடிவாகியிருக்கிறதா? விபத்து நடந்தால் நிறுவனம் உண்மையை வெளியிடுமா? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாதவர் அன்று கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இறங்குபவர் தமக்கே சொல்லிக்கொள்ள வேண்டியது இன்னும் கடினமானது: ‘நான் இறந்தால் என் உடலுக்காக யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்’ என்று வீட்டாரிடமும் தோழரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டே நீரில் கால் வைக்க வேண்டும். அதை எழுதக் கை நடுங்கினால், அவருக்கு அந்த ஆழம் இன்னும் உரிமையாகவில்லை. ஆபத்தை ஏற்கும் சுதந்திரம், அந்த ஆபத்து பிறரிடம் போய்ச் சேராதபடி பார்த்துக்கொள்பவருக்கே முழுமையாக உரியது.