மஜ்ஜைக் கொடை: ஔடதமும் அபயமும்



உணவு, ஔடதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானங்களை நம் முன்னோர் வகுத்தனர். பசித்தவர்க்குச் சோறும் பயில்வார்க்கு நூலும் வழங்குவதில் நம்மவர் பின்தங்கியதில்லை. ஔடதமும் அபயமும் ஒரே செயலில் கைகூடும் தானம் ஒன்றை இங்கே சிந்திப்போம்.

சில குழந்தைகள் நோயெதிர்ப்பு ஆற்றல் இன்றியே பிறக்கின்றன. பிறர்க்குச் சளியாய் வந்து போகும் கிருமி இவர்கட்குக் கூற்றாகிறது. குருதியின் வெள்ளணுக்கள் எலும்பு மஜ்ஜையில் தோன்றுவன. விதை பழுதாயின் பயிர் எங்ஙனம் செழிக்கும்? ஆதலின் பிறரது நல்ல மஜ்ஜையைச் செலுத்துவதே இக்குழந்தைகள் பலர்க்கும் நிலையான தீர்வாகும். 1968இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ராபர்ட் குட் குழுவினர், ஐந்து மாத ஆண்மகவுக்கு அதன் அக்காளின் மஜ்ஜையைச் செலுத்திக் காத்தனர். அக்குடும்பத்தில் அதற்குமுன் ஆண் குழந்தைகள் பலர் மடிந்திருந்தனர். நமக்கு அணித்தேயுள்ள வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் 1986 முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடைபெறுகிறது.

“முன்வினை, நாம் என் செய்வது?” என்பாருளர். வினைக் கொள்கையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அசாதா வேதனீயம் உதயமாவதற்கு நிமித்தம் இருப்பதுபோல், அது தணிவதற்கும் நிமித்தம் உண்டு. அந்நிமித்தமாக நாம் ஏன் ஆகலாகாது? தாயைப் பழிப்பதோ பழிப்பவர்க்கே புதுவினையாகும். பெற்றோர் நலமாயிருந்தும், இருவரிடமும் ஒரே மரபணுக் குறை மறைந்திருப்பின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோய் தோன்ற நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. நெருங்கிய உறவில் மணம் புரியும் குடும்பங்களில் இது மிகுதி.

பள்ளிக்கு அடிக்கடி வாராத பிள்ளையைக் கடியுமுன் காரணம் வினவுக என்று ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு நாம் கூறுவதுண்டு. பெற்றோர்க்கும் அதுவே கூறுவோம். நிமோனியா, சீழ்க்கட்டி முதலியன மீண்டும் மீண்டும் வரின், நம் கோரிமேட்டு ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையில் காரணம் கேளுங்கள். முன்னொரு குழந்தையைத் தொற்றுக்குப் பறிகொடுத்த வீட்டார், அடுத்த மகவுக்குக் காசநோய்த் தடுப்பூசி இடுமுன்னரே மருத்துவரிடம் அதனைத் தெரிவித்தல் வேண்டும். பிற குழந்தைகளைக் காக்கும் அவ்வூசி, இக்குறையுடைய குழந்தைக்குத் தீங்காகலாம். செலவுக்கு அஞ்சி ஒதுங்கவும் வேண்டா. 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை இந்நோய்கள் சிலவற்றையும் உட்கொண்டது. 2022இல் அதன் உதவி, குறிப்பிட்ட சிறப்பு மையங்களில் 50 லட்சம் ரூபாய் வரை என உயர்த்தப்பட்டது.

உடன்பிறந்தார் ஒருவரது மஜ்ஜை முற்றும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. பொருந்தாதபோது அயலார் துணை வேண்டும். அதற்கெனச் சென்னையில் 2009இல் தாத்ரி என்னும் கொடையாளர் பதிவகம் தோன்றிற்று. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவித் தருவதே முதற்படி. பொருந்தினால், பெரும்பாலும் கைந்நரம்பு வழியாகவே மூல அணுக்களைப் பிரித்தெடுப்பர். கொடுத்தது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும்.

இளைஞர்களே! பெயர் பதியுமுன் நன்கு எண்ணுங்கள். வீட்டாரோடும் கலந்து பேசுங்கள். புது மஜ்ஜைக்கு இடமளிக்கக் குழந்தையின் பழைய மஜ்ஜையைப் பெரும்பாலும் மருந்தால் அழித்துவிடுவர். அதன்பின் கொடையாளர் பின்வாங்கினால் அவ்வுயிர் நடுக்கடலில் கைவிடப்பட்டதாகும். வாய்மையும் கொல்லாமையும் ஒன்றாய்ச் சந்திக்கும் இடம் அது. எறும்புக்கும் வழிவிட்டு நடக்கும் நாம், நம் சொல்லை நம்பிக் கிடக்கும் குழந்தையை மறத்தல் ஆகாது.

எண்ணித் துணிக, துணிந்தபின் அஞ்சற்க. அறம் வளர்க!