பெட்டி நமது, முகம் யாருடையது?

பழைய கமெராக்களைச் சேர்ப்பது குற்றமற்ற பொழுதுபோக்கு. 1900ஆம் ஆண்டில் கொடக் நிறுவனம் ஒரு டொலருக்கு விற்ற பிரவுணிப் பெட்டியையும், அக்காலத்து விலைப்பட்டியல்களையும் ஒருவர் தேடி வாங்கி அலுமாரியில் அடுக்கினால் யாருக்கு என்ன நட்டம்?

இணுவிலில் இருந்து பார்க்கும்போது கேள்வி அவ்வளவு இலேசானதன்று. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் கையில் அகப்பட்டதுடன் வெளியேறினார்கள். திரும்பியபோது எத்தனையோ வீடுகளில் அல்பமும் இல்லை, கமெராவும் இல்லை.

இன்று பழைய சாமான் கடையில் ஒரு கமெரா கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே கழுவாத பிலிம் சுருள். ஒளி பட்ட உருவம் அதில் கண்ணுக்குத் தெரியாமல் பல ஆண்டுகள் தங்கியிருக்கும். வெக்கையும் ஈரமும் அதை மங்கச் செய்யும். மூடியைப் பகலில் திறந்தாலோ நொடியில் பாழாகிவிடும். ஒரு தாய்க்கு இறந்த மகனின் கடைசிப் படம் அதுவாக இருக்கலாம் அல்லவா?

சேகரிப்பவர் எடுத்திராவிட்டால் அது குப்பைக்கே போயிருக்கும் என்பது உண்மை. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவர் காசு கொடுத்தது பெட்டிக்கு. அந்த முகங்களுக்கு அன்று. விலை கொடுத்தவனுக்கே எல்லாம் சொந்தம் என்று வாதாடலாம், மனச்சாட்சி ஒப்பாது.

ஆகவே, விலையைக் கேட்குமுன் அது வந்த வீட்டை விசாரிப்போம். சுருளை இருட்டில் எடுத்து, தொழில் தெரிந்தவரிடம் கழுவக் கொடுப்போம். படங்களை ஊர்ப் பெரியவர்களுக்குக் காட்டுவோம். உரியவர் கிடைத்தால் ஒப்படைப்போம். கிடைக்கும்வரை பத்திரமாக வைத்திருப்போம். அதனால் நமது அலுமாரியில் ஒன்றும் குறையாது. எங்கோ ஒரு வீட்டுச் சுவரில் ஒரு முகம் மீண்டும் இடம்பிடிக்கும்.